கத்தியில் ஏறிய கை

அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் நெல்லிமேட்டில் இருந்த அத்தனை சமையல் கத்திகளிலும் ஒரு கை ஏறியிருந்தது.

வடக்குத் தெரு வடிவாம்பாள்தான் அதை முதலில் பார்த்தாள். ஊருக்கே கொடைச் சோறு ஆக்கிப் போட்ட களைப்பில் கொஞ்சம் பிந்தி எழுந்து, குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கலாம் என்று கத்தியை எடுத்தவள், வெள்ளிபோல மின்னும் இரும்பின் மேல் நான்கு விரல்களும் ஒரு பெருவிரலும் கறுப்பாகப் பதிந்திருப்பதைக் கண்டு, வாழைப்பூ ஆய்ந்த கையோடு எவளோ எடுத்திருக்கிறாள் என்று முணுமுணுத்தபடி புளியைத் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை. உலை கொதிக்கிற நேரத்தில் கறையாவது மண்ணாவது என்று அப்படியே கத்தரிக்காயை நறுக்கினாள். நறுக்கி விழுந்த ஒவ்வொரு துண்டிலும், அதன் வெள்ளைச் சதையில், ஒரு விரலின் ரேகை இருந்தது.

வடிவாம்பாள் எதற்கும் கூச்சல் போடுகிறவள் இல்லை. துண்டுகளைத் தண்ணீரில் போட்டு அலசினாள், குழம்பில் போட்டாள், குழம்பு கொதித்து இறங்கியது, ரேகை மட்டும் அப்படியே இருந்தது. சாப்பிட உட்கார்ந்த அவள் புருஷன் குற்றாலிங்கம் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னளா இது, காய் கைநாட்டு வச்சிருக்கு?"

"பேசாமச் சாப்பிடுங்க" என்றாள் வடிவாம்பாள். அவள் சாப்பிடவில்லை.

உச்சி வெயில் ஏறுவதற்குள் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. எல்லா வீட்டிலும் அதே கை. பெரிய கத்தியில் கை முழுதாக இருந்தது, பழம் நறுக்கும் சின்னக் கத்தியில் நுனிவிரல்கள் மட்டும் இருந்தன, அரிவாள்மனையின் வளைவில் கையும் வளைந்து இருந்தது. அது யாருடைய கை என்று முதலில் சொன்னவள் வடிவாம்பாளின் மகள் செண்பகவல்லி. ஆள்காட்டி விரலின் நடுவில் சாய்வாக ஓடிய தழும்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யம்மா, இது முப்பிடாதி கை."

அது வடிவாம்பாளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

முப்பிடாதி ஓடைக்கு அக்கரையில், ஓடைத் தெருவில் இருந்தவள். நெடுநெடுவென்று உயரம், அகலமான தோள், கூட்டத்தில் நின்றால் தலை தனியாகத் தெரியும். நெல்லிமேட்டில் வாழையும் பலாவும் மாவும் நெல்லியும் செழித்துக் கிடந்ததால், அந்த ஊர் இரும்புக் கத்திகள் நாலு நாள் சும்மா விட்டால் கரியாகிவிடும். அப்படிக் கறுத்த கத்திகளை வீடு வீடாக வாங்கி, கறை எடுத்து, மெருகேற்றிக் கொடுப்பதுதான் அவள் தொழில். வெறும் வேலையாக அதை அவள் ஒருநாளும் செய்ததில்லை. கத்தியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது வாழைப்பூ, இது மாங்காய், இது ஈரத்தோடு மூலையில் போட்ட சோம்பேறித் துரு என்று பெயர் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். பலாப்பால் ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துணியால் வழிப்பாள், துருவுக்கு உருளைக்கிழங்கை வெட்டி உப்பில் தொட்டுத் தேய்ப்பாள், மற்ற கறைகளுக்கெல்லாம் புளி. பிறகு கத்தியைக் கல்லின் மேல் படுக்கவைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துணியில் சலித்த செங்கல் பொடியைத் தேங்காய் நாரில் தொட்டு, பிடியிலிருந்து முனைக்கு, எப்போதும் பிடியிலிருந்து முனைக்கு, ஒரே வீச்சாக இழுப்பாள். கழுவி, ஈரம் நிற்க விடாமல் துடைத்து, தேங்காய் எண்ணெயை ஒரு விரல் தடவித் தருவாள். பெண் பார்க்க நெல்லிமேட்டுக்கு வருகிறவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு அடுக்களைக் கத்தியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஒரு பேர் அந்த ஊருக்கு இருந்தது, அந்தப் பேருக்குக் காரணம் முப்பிடாதி.

கொடை அன்று நடந்தது இதுதான். ஒவ்வொரு வருஷமும் கொடைக்கு ஊரே சேர்ந்து கூட்டாஞ்சோறு ஆக்கும். வடக்குத் தெருப் பெண்கள் கோயில் பந்தலில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கத்தியால் காய் நறுக்குவார்கள், வடிவாம்பாள் நடுவில் நின்று உப்பும் புளியும் சொல்லுவாள், அந்த ஜில்லாவில் அவள் கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது. முப்பிடாதி வழக்கம்போலத் தேய்த்த கத்திகளைக் கூடையில் சுமந்துவந்து பந்தல் ஓரத்தில் வைத்தாள். அந்த வருஷம் கல்யாண வீடுகள் அதிகமாகி நறுக்க ஆள் குறைந்துவிட்டது. பூசணிக்காய் மலையாகக் குவிந்து கிடந்தது, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முப்பிடாதி யாரையும் கேட்கவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த தன் கத்தியை எடுத்து, ஒரு பூசணிக்காயைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டாள்.

"ஏளா முப்பிடாதி, எந்திரி" என்றாள் வடிவாம்பாள். "கத்தியைத் தொடு, வேண்டாங்கல. காயைத் தொடாத."

பந்தலில் கத்திச் சத்தம் நின்றுபோனது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. முப்பிடாதி எழுந்தாள், எழுந்து நின்றபோது பந்தலின் தோரணம் அவள் தலையில் தட்டியது.

"நான் தொட்ட கத்தியாலதாம்மா இம்புட்டுக் காயையும் நறுக்குதீங்க."

"கழுவிட்டு எடுத்தாத் தீந்துச்சு."

"சரிம்மா" என்றாள் முப்பிடாதி. "நல்லாக் கழுவுங்க."

அவ்வளவுதான் அவள் பேசியது. கத்தியை முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு போனாள். அந்த வருஷக் கொடைச் சோற்றை அவள் வாங்கவில்லை. அந்த ராத்திரி போய் விடிந்தபோதுதான் கத்திகளில் கை ஏறியிருந்தது.

முதலில் ஊர் கழுவிப் பார்த்தது. சோப்புப் பொடியும் பற்பசையும் மண்ணெண்ணெயும் அந்த வாரம் கடையில் மிஞ்சவில்லை. ஒருவர் கத்தியைக் கொல்லர் பட்டறைக்கே கொண்டுபோய்ப் பழுக்கக் காய்ச்சி அடிக்கச் சொன்னார். சம்மட்டிக்குக் கீழே கத்தி சிவந்து, நெளிந்து, நீண்டு, தண்ணீரில் முங்கிச் சீறி எழுந்தபோது, கை முன்னைவிடத் தெளிவாக இருந்தது. வசதிப்பட்டவர்கள் தென்காசிக்கு பஸ் ஏறிப்போய் துருவே பிடிக்காத எவர்சில்வர் கத்தி வாங்கிவந்தார்கள். ஊர் எல்லையில் இருக்கும் ரோட்டுப் பாலம் வரைக்கும் அது காகிதத்துக்குள் கண்ணாடியாக மின்னியது, வீட்டில் வந்து பிரித்தால் அதிலும் கை. கறிக்கடை மஸ்தான் மட்டும் எதுவும் செய்து பார்க்கவில்லை. "இந்த ஊர்ல அவ தேய்க்காத கத்தி எது? இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலக் கறி வெட்டினார், வாங்க வந்தவர்களும் வழக்கம்போல எலும்பு அதிகம் என்று சண்டை போட்டு வாங்கிப்போனார்கள்.

பிறகு கோயில் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் குற்றாலிங்கத்தை முன்னால் விட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனார்கள். முப்பிடாதி வாசலில் நின்றாள்.

"நீ என்ன செஞ்ச, சொல்லு" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் செய்யல. இங்க பாருங்க, என் கத்தியிலயும்தான் இருக்கு." காட்டினாள். "காலையில பாத்தேன். கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். என் கையை நான் இப்படிப் பாத்ததே கிடையாது."

"சரி, எப்படியோ வந்துருச்சு. தேய்ச்சு எடு. அது உன் தொழில்தானே?"

"கறையை எடுக்கதுதான் என் தொழில். இது கறையா? பாத்துச் சொல்லுங்க, தேய்ச்சுருதேன்."

கமிட்டிக்காரர்கள் கத்தியைப் பார்த்தார்கள், அவள் கையைப் பார்த்தார்கள். கறை என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. பின்னால் நின்ற ஒருவர், இவளை ஊரைவிட்டு அனுப்பினால் சரியாகிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். குற்றாலிங்கம் திரும்பி, "அவ போய், கை இங்கயே இருந்துட்டா என்ன செய்வீரு? யார்கிட்டப் போய்க் கேட்பீரு?" என்றார். வந்த வழியே திரும்பினார்கள்.

அதன்பிறகு முப்பிடாதியிடம் யாரும் கத்தி கொண்டுவரவில்லை. அவள் களையெடுக்கப் போனாள், கதிர் அறுக்கப் போனாள், தலை குனியாமல் போய்த் தலை குனியாமல் வந்தாள்.

ஊரோ மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது, மழைக்காலம் வந்தால் குடைக்குப் பழகுவது போல. முதலில் பிள்ளைகள் பழகினார்கள். யாருக்கு எந்த விரல் வந்திருக்கிறது என்று தட்டில் தேடினார்கள், பெருவிரல் விழுந்த துண்டுக்கு அடித்துக்கொண்டார்கள், பரீட்சை நாளில் பெருவிரல் வெண்டைக்காய் தின்றுவிட்டுப் போனவன் பாஸாகிவிட்டான் என்று ஒரு பேச்சுக் கிளம்பி, பரீட்சைக் காலத்தில் எல்லா வீட்டிலும் வெண்டைக்காய்ப் பொரியலாகவே இருந்தது. மசக்கைக்காரிகள் விரல் விழுந்த மாங்காய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டால் உள்ளே ரேகை தெரிந்தது, வெளியூர் பஸ் டிரைவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே வண்டியை நிறுத்தி இரண்டு தின்றுவிட்டுப் போனார்கள். தின்ற யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. ஓடைத் தெருக்காரர்கள் சந்தைக்குப் போனால், "எந்த ஊரு?" என்று கேட்கிறவர்களுக்கு "கை விழுற ஊரு" என்று பதில் சொன்னார்கள், சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அப்புறம் வடக்குத் தெருக்காரர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள், யார் கை என்பதை மட்டும் விட்டுவிட்டு.

பழகாதவள் வடிவாம்பாள் ஒருத்திதான். கத்தியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். கத்தி படாத சமையலாகத் தேடித் தேடிச் செய்தாள். முருங்கைக்கீரையை உருவிப் போட்டாள், புடலங்காயைக் கையால் ஒடித்துப் போட்டாள், சின்ன வெங்காயத்தை முழுசாக வதக்கினாள், பருப்பைத் துவையலாக்கினாள், தயிரைக் கடைந்து மோர்க்குழம்பு வைத்து அதில் வடையை உருட்டிப் போட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அதிலும் அவள் கை பேசியது. ருசி பார்க்கவென்றே ஆட்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். ஆனால் அவள் மெலிந்தாள். நறுக்கிய காய் ஒரு துண்டு பல்லில் படாமல் மாசக்கணக்காக இருந்ததில் அவள் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் குறைந்து போனது.

அந்த நேரத்தில் செண்பகவல்லிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு அம்பாசமுத்திரம். கல்யாணம் அவர்கள் ஊர் மண்டபத்தில், அதனால் அந்தச் சாப்பாடு பற்றிக் கவலை இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீடு, பெண் வீட்டில்தான். மறுவீட்டுக்குச் சொதி வைக்க வேண்டும். தேங்காய்ப் பாலில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் கேரட்டும் முருங்கைக்காயும் வெந்து, இஞ்சித் துவையலோடு இலையில் இறங்குகிற அந்தச் சொதி இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு மறுவீடு நடந்ததாகச் சரித்திரமே இல்லை. காயை நறுக்காமல் சொதி வைக்க வடிவாம்பாளாலும் முடியாது.

"ஒண்ணும் யோசிக்காத" என்றார் குற்றாலிங்கம். "காய் புது ரகம், விதையிலயே அப்படித்தான் வருதுன்னு சொல்லிருவோம்."

செண்பகவல்லி பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"உருளையும் புது ரகம், முருங்கையும் புது ரகமாப்பா? நீங்க இங்க ஒண்ணு சொல்லி அனுப்பிருவீங்க. அங்க போன பிறகு என் மாமியார் இது யார் கைன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

குற்றாலிங்கம் வடிவாம்பாளைப் பார்த்தார்.

"அது முப்பிடாதி கை" என்றாள் செண்பகவல்லி. "நான் கொடைக்கு மறுநாள்லேருந்து அதைச் சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன், பக்கத்து வீட்டுல. நல்லாத்தான் இருக்கு. உனக்கு அந்தப் பேரைச் சொல்லத்தாம்மா வாய் வரல."

வடிவாம்பாள் மகளை அடிக்கப் போகிறாள் என்று குற்றாலிங்கம் நினைத்தார். அவள் எழுந்து பரணில் இருந்த கத்தியை எடுத்தாள், தூசியைத் தட்டினாள், அதைக் கையில் பிடித்தபடி வாசல்படி இறங்கினாள்.

பட்டப்பகலில், வடக்குத் தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்க்க, அவள் தெருவின் நடுவே நடந்தாள், கோயிலைத் தாண்டினாள், ஓடைப் பாலத்தைத் தாண்டினாள். அந்தப் பாலத்தைத் தாண்டுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முப்பிடாதி வாசலில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்பில் பிசிறிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கினாள்.

"வாங்க" என்றாள். எழுந்திருக்கவில்லை.

வடிவாம்பாள் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தையும் இப்போது வாயில் இல்லை. அவள் கண் பானையில் இருந்த மாங்காய்மேல் போனது. காலமெல்லாம் சமைத்த கை, அது அவளைக் கேட்காமலே கீழே இறங்கி ஒரு துண்டை எடுத்தது, வாயில் போட்டது. கண்ணை மூடி மென்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் உப்புல கிடக்கணும்" என்றாள்.

"கிடக்கட்டும்னுதான் வச்சிருக்கேன்" என்றாள் முப்பிடாதி.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்று உறைத்தது. வடிவாம்பாளுக்குக் கண் கலங்கியது, புளிப்பினாலா வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில், அந்த மண்ணில், முப்பிடாதிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மகளுக்கு மறுவீடு. நீ வரணும்."

"கத்தி விளக்கவா, காய் நறுக்கவா?"

"நறுக்க."

"எங்க உக்காந்து?"

"என் பக்கத்துல." கத்தியைக் கீழே வைத்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அதுக்காகத்தான் வந்தேன்னு வச்சுக்கோ" என்றாள்.

முப்பிடாதி மாங்காய்ப் பானையின் வாயைத் துணியால் கட்டினாள். நிதானமாகக் கட்டினாள்.

"வாரேன்க்கா" என்றாள். ஓடைத் தெருப் பெண் ஒருத்தி வடக்குத் தெருப் பெண்ணை அக்கா என்று கூப்பிடுவது அந்த ஊரில் அதற்குமுன் நடந்ததில்லை. "ஆனா ஒண்ணு. நான் பீன்ஸைப் பொடிசாத்தான் நறுக்குவேன். சொதிக்குப் பெருசா வேணும்னா இப்பவே சொல்லிருங்க."

"விரல் நீளத்துக்கு வேணும்."

"சரி."

மறுவீட்டு நாள் காலையில் வடிவாம்பாள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்தது. பெண்கள் கத்தியோடு வந்து உட்கார்ந்தார்கள். முப்பிடாதி கரும்பச்சைச் சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து, முன்வாசல் வழியாக வந்து வடிவாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்ததும், பாயின் அந்தக் கோடியில் சேலைகள் சரசரத்தன, சிலர் எழுந்தார்கள்.

"போறவங்க போகலாம்" என்றாள் வடிவாம்பாள், நறுக்கும் முருங்கைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "கத்தியை வச்சுட்டுப் போங்க. காய் நெறையக் கிடக்கு."

சிலர் போகத்தான் செய்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தேங்காய்ப் பால் கொதிக்கும் வாசம் தெருவுக்கு வந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள்.

அப்போது இன்னொன்று நடந்தது. முப்பிடாதி நறுக்கிய காய்களில் கை விழவில்லை. மற்றவர்கள் நறுக்கியதில் எல்லாம் அவள் விரல்கள் வழக்கம்போல விழுந்துகொண்டிருக்க, அவள் கத்தியிலிருந்து விழுந்த உருளைக்கிழங்கு மட்டும் முல்லைப்பூப் போல வெள்ளையாக இருந்தது. பார்த்துவிட்டு குற்றாலிங்கம் ஓடிவந்தார்.

"அம்மன் காப்பாத்திட்டா! இவ நறுக்குனதை மட்டும் சொதிக்குப் போடு. மத்ததை நம்ம வீட்டு ஆளுக்கு வச்சுக்கலாம். சம்பந்தக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

முப்பிடாதி அடுத்த கிழங்கை எடுத்தாள். பாய் முழுக்க வடிவாம்பாளைப் பார்த்தது. இரண்டு கூடைகள் அவள் முன்னால் இருந்தன, ஒன்றில் வெள்ளைக் காய், ஒன்றில் விரல் விழுந்த காய். வெள்ளைக் கூடை விருந்துக்குப் போதும் போலத்தான் இருந்தது. வடிவாம்பாள் அந்தக் கூடையைத் தூக்கி, மற்றக் கூடையின் மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் நன்றாகக் கலந்தாள்.

"உலையில போடு" என்றாள்.

சம்பந்தக்காரர்கள் வந்தார்கள், இலை விழுந்தது, சோறு விழுந்தது, சொதி விழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை பெரியநாயகி, எந்த வீட்டுச் சாப்பாட்டிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று பேர் வாங்கியவள், ஒரு கேரட் துண்டை இலையின் ஓரத்தில் ஒதுக்கி, விரலால் திருப்பினாள்.

"இது என்ன மதினி, காயில ஏதோ அடையாளம்?"

குற்றாலிங்கம் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் வடிவாம்பாள் சொதி வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் பேசினாள்.

"அது கை. எங்க ஊர் முப்பிடாதியோட கை. இந்த ஊர்க் கத்தி மின்னும்னு கேள்விப்பட்டதா நீங்க பொண்ணு பாக்க வந்தப்போ சொன்னீங்கள்ல, மின்ன வச்சது அந்தக் கைதான். அது படாம இந்த ஊர்ல யாரும் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது, நானும்தான். அந்தா, வரிசையில நாலாவதா உக்காந்திருக்கா பாருங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. முப்பிடாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் கையை நிறுத்தவில்லை, வாயிலிருந்ததை மென்று முடித்து, நிமிர்ந்து, பெரியநாயகியைப் பார்த்து, "நல்லாச் சாப்பிடுங்க" என்றாள், தன் வீட்டு விருந்தாளிக்குச் சொல்வதுபோல.

பெரியநாயகி கேரட்டைப் பார்த்தாள், முப்பிடாதியைப் பார்த்தாள். வாயில் போட்டு மென்றாள்.

"எனக்குச் சுண்டுவிரல்தான் வந்திருக்கு" என்றாள். "இன்னும் கொஞ்சம் விடுங்க. பெருசா ஏதாவது வருதான்னு பாப்போம்."

பந்தியில் எழுந்த சிரிப்பு ஓடைத் தெரு வரைக்கும் கேட்டது. செண்பகவல்லி மாப்பிள்ளையின் இலையில் இருந்த பெருவிரலை எடுத்துத் தின்றுவிட்டதாகப் பின்னால் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி மறுசோறு கேட்டு வாங்கினாள். வடிவாம்பாள் அவள் இலைக்குச் சொதி விட்டுவிட்டுப் போகாமல் நின்றாள், மற்ற இலைகளுக்கு முன்னால் அப்படி நிற்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா" என்றாள் முப்பிடாதி. "மத்தபடி உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல."

சம்பந்தக்காரர்கள் பெண்ணை அழைத்துக்கொண்டு போன பிறகு, அந்த வாரத்திலேயே, ஊரார் பழையபடி முப்பிடாதியிடம் கத்தி கொண்டுவந்தார்கள். அவள் கோயில் பந்தல் இருந்த இடத்திலேயே கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். மஸ்தானின் வெட்டுக்கத்திதான் முதலில் வந்தது. அவள் புளியைத் தடவி, செங்கல் பொடியை நாரில் தொட்டு, பிடியிலிருந்து முனைக்கு ஒரு வீச்சு இழுத்தாள். சாதாரண வாழைப்பூக் கறை போவதுபோலக் கை போய்விட்டது. கழுவித் துடைத்தபோது மஸ்தானின் தாடி அதில் தெரிந்தது.

சுற்றி நின்றவர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் யாரோ, "அட, போயிருச்சே" என்று ஏதோ தொலைந்ததுபோலச் சொன்னார்கள், பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. அதற்காக வேலை நிற்கவில்லை. கத்தி கத்தியாக வந்தது, அரிவாள்மனை வந்தது, தேங்காய்த் துருவி வந்தது, முப்பிடாதி தன் மடிக் கத்தியையும் சேர்த்து ஒவ்வொன்றாகக் கறையின் பெயர் சொல்லித் தேய்த்து, எண்ணெய் தடவி, வெயிலில் அடுக்கினாள். சாயங்காலத்துக்குள் அந்த வரிசை மின்னிய மின்னலில் ரோட்டுப் பாலத்தில் வந்த பஸ் டிரைவர் கண் கூசி வண்டியை நிறுத்தினார்.

கடைசியாக வடிவாம்பாள் வந்தாள். கத்தியோடு வந்தாள், ஆனால் கல்லின் மேல் வைக்கவில்லை.

"கொண்டாங்க" என்றாள் முப்பிடாதி.

"இதைத் தேய்க்க வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும்."

முப்பிடாதி அவளைப் பார்த்தாள். ஊரில் மிச்சமிருந்த ஒரே கை அதுதான். கையை நீட்டி வாங்கி, கத்தியை வெயிலில் ஒருமுறை திருப்பினாள். இதற்கு மட்டும் அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை. தன் இடது கையை எடுத்து அந்தக் கறுப்புக் கையின் மேல் வைத்துப் பார்த்தாள், விரலுக்கு விரல் சரியாக உட்கார்ந்தது.

"இருக்கட்டும்" என்றாள். "ஆனா சும்மா போட்டு வச்சா துருப் பிடிச்சிரும்க்கா. எண்ணெய் மட்டும் தடவித் தாரேன்."

கிண்ணத்தில் விரலைத் தொட்டு, பிடியிலிருந்து முனைக்கு, அவசரமில்லாமல் தடவினாள். எண்ணெய் பட்டதும் ஐந்து விரல்களும் கருங்கல்லில் செதுக்கியதுபோல மினுங்கின. வடிவாம்பாள் கத்தியை வாங்கி, எல்லோரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு, ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்க வீட்டுக்கு நடந்தாள்.